பள்ளிக்கூடமும் கடைவீதியும் கைகோக்க ஓர் ஆலோசனைக் குழு

(நமது ஜமாஅத்தின் கல்விப் பரிசளிப்பு விழாவில் தலைமை இமாம் ஹஸ்ரத் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

  

மதிப்பெண் பெற்ற பிள்ளைகளுக்குக் கேடயமும் பரிசுத் தொகையும் வழங்கி மகிழ்கிறோம். இது பாராட்டத்தக்க பணி. எனினும் பரிசை வாங்கிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கும் பிள்ளை நாளை எங்கே செல்லும் என்னும் கேள்விக்கு இம்மேடையில் விடை இல்லை. அந்த விடையைத் தேடும் ஒரு முயற்சியாக, ஜமாஅத்தின் முன் ஒரு வேண்டுகோளை வைக்க நாம் விரும்புகிறோம்.

பார்த்திராத பாதைகள்

பள்ளித் தேர்வு முடிவுகள் வெளிவரும் மே மாதத்தில் நம்மிடம் வரும் பெற்றோர் பலர். சிலர் துஆச் செய்யச் சொல்வார்கள். சிலர், 'ஹஸ்ரத், விசா வந்திருக்கிறது. பிள்ளையை அனுப்பலாமா? இஸ்திகாரா பார்த்துச் சொல்லுங்கள்' என்பார்கள். அந்தப் பிள்ளையை அருகில் அழைத்து, 'தம்பி, உனக்கு எந்த வேலையில் நாட்டம்?' என்று கேட்டால் பெரும்பாலும் மௌனமே பதிலாக வரும். அவனுக்கு அறிவில்லாமல் இல்லை. நாட்டமும் இல்லாமல் இல்லை. எந்த வேலையையும் அருகிருந்து பார்த்ததில்லை என்பதே அம்மௌனத்தின் காரணம். அவன் அறிந்ததெல்லாம் வாப்பாவின் தொழில், மாமாவின் சபுர், திரைப்படத்தில் பார்த்த மருத்துவர், காவல்துறை அதிகாரி ஆகியவை மட்டுமே. இஸ்திகாரா என்பது இரண்டு வழிகளுக்கிடையே நலமானதை நாடி இறைவனிடம் கேட்பது. ஒரே வழியை மட்டும் கண்ட பிள்ளைக்கு எதற்கிடையே நலம் கேட்பது?

சபுரை நாம் ஒருபோதும் குறை கூற மாட்டோம். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் கப்பலேறிச் சென்ற முன்னோராலும், எழுபதுகளுக்குப் பின் வளைகுடாவுக்குச் சென்ற சகோதரர்களாலும் வளர்ந்த ஊர் நம்முடையது. இப்பள்ளிவாசலின் மினாராவில் அவர்களுடைய வியர்வை கலந்திருக்கிறது. ஆனால் சபுரின் நிலை மாறிவிட்டது. 2011-ஆம் ஆண்டு சவூதி அரேபியா 'நிதாகத்' என்னும் திட்டத்தைக் கொண்டுவந்து, நிறுவனங்களில் சொந்த நாட்டவருக்கு இத்தனை இடம் தர வேண்டும் என விதித்தது. 2013-இல் அது கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டபோது எத்தனை பேர் கைப்பெட்டியோடு திரும்பினார்கள் என்பதை இவ்வூர் மறந்திருக்காது. அண்மை ஆண்டுகளில் எலக்ட்ரீஷியன், பிளம்பர், வெல்டர் முதலிய வேலைகளுக்குச் செல்வோரிடம் அந்நாடு தொழில்திறன் தேர்வுச் சான்றையும் கேட்கத் தொடங்கியது. கையில் தொழில் உள்ளவனுக்குச் சபுர் ஒரு வாய்ப்பு. தொழில் இல்லாதவனுக்கு அது ஒரு சூதாட்டம்போல ஆகிவிடுகிறது.

வணிகவியல் பட்டம் பெற்ற ஒரு தம்பி, வளைகுடா நாடொன்றில் கிடங்கில் மூட்டை தூக்கிக் கொண்டிருக்கிறார். கணக்கெழுதும் அலுவலகம் எப்படி இயங்குகிறது என்பதைப் பட்டம் பெறும் நாள்வரை அவர் கண்ணால் கண்டதில்லை. அதே தெருவைச் சேர்ந்த மற்றொரு தம்பி, பள்ளி விடுமுறைகளில் குளிர்சாதனப் பெட்டி பழுதுபார்ப்பவரிடம் உதவியாளாக நின்றார், பின்னர் ஐ.டி.ஐ. சேர்ந்து சான்று பெற்றார். இன்று அவரிடம் நான்கு பேர் வேலை செய்கிறார்கள். இருவருக்கும் அல்லாஹ் அறிவைக் கொடுத்தான். ஒருவருக்கு மட்டும் தொழிலைப் பார்க்கும் வாய்ப்பு அமைந்தது. அந்த வாய்ப்பும் தற்செயலாகவே அமைந்தது. அதை ஏற்பாடாக மாற்றுவதே நம் நோக்கம்.

மார்க்கம் காட்டும் வழி

அன்புச் சகோதரர்களே! தொழில் கற்பது உலக விஷயம், பள்ளிவாசலுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். நபிமார்களின் வரலாறு அவ்வாறு எண்ண இடந்தரவில்லை. நூஹ் (அலை) அவர்கள் கப்பல் கட்டினார்கள். தாவூத் (அலை) அவர்களுக்கு இரும்புக் கவசம் செய்யும் கலையை அல்லாஹ்வே கற்றுக்கொடுத்ததாகத் திருக்குர்ஆன் கூறுகிறது. ஜகரிய்யா (அலை) அவர்கள் தச்சராக இருந்தார்கள் என்பது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. நம் பெருமானார் (ஸல்) அவர்கள் மக்காவாசிகளின் ஆடுகளைக் கூலிக்கு மேய்த்ததைத் தாமே எடுத்துரைத்ததாக ஸஹீஹ் புகாரியில் காண்கிறோம்.

மூஸா (அலை) அவர்களின் வரலாற்றில் நம் தலைப்புக்கு மிக நெருக்கமான பகுதி ஒன்றுண்டு. அல்கஸஸ் அத்தியாயத்தில் அது வருகிறது. அவர்கள் மத்யன் நகருக்கு அகதியாக வந்தபோது, அந்நகரத்துப் பெரியவரின் மகளார், வலிமையும் நம்பகத்தன்மையும் உடையவரையே வேலைக்கு அமர்த்துவது சிறந்தது என்று தம் தந்தையிடம் கருத்துரைத்தார். அவ்வாறு மூஸா (அலை) எட்டாண்டு, விரும்பினால் பத்தாண்டு என்னும் தெளிவான உடன்படிக்கையின் பேரில் பணியில் சேர்ந்தார்கள். இதில் மூன்று பாடங்கள் இருக்கின்றன. வேலைக்குத் தகுதி, செய்யும் திறனும் அமானிதம் பேணும் குணமும் ஆகிய இரண்டும் சேர்ந்ததே. காலமும் கூலியும் முன்கூட்டியே பேசப்பட வேண்டும். இவற்றுக்கெல்லாம் வழி திறந்த ஆலோசனையைக் கூறியவர் ஒரு பெண்மணி.

அபூதாவூதில் பதிவாகியுள்ள ஒரு நிகழ்ச்சியையும் கேளுங்கள். ஆட்டின் தோலை உரித்துக்கொண்டிருந்த ஒரு சிறுவரை நபி (ஸல்) அவர்கள் கடந்து சென்றார்கள். அச்சிறுவருக்கு அவ்வேலை சரியாகக் கைவரவில்லை. பெருமானார் அவரைச் சற்று விலகச் சொல்லி, தோலுக்கும் இறைச்சிக்கும் இடையே தம் திருக்கரத்தை அக்குள்வரை நுழைத்துச் செய்து காட்டிவிட்டு, பின்னர் தொழுகைக்குச் சென்றார்கள். திட்டவில்லை, தூர நின்று உபதேசமும் செய்யவில்லை. அருகில் நின்று கையால் செய்து காட்டினார்கள். பணியிடத்தில் கற்பித்தல் என்பதற்கு இதைவிட உயர்ந்த முன்மாதிரி நமக்கு வேண்டுமா?

ஹுஜ்ஜத்துல் இஸ்லாம் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவின் கல்வி பற்றிய பகுதியில் மருத்துவம், கணிதம் ஆகியவற்றோடு விவசாயம், நெசவு, தையல் போன்ற தொழில்களையும் ஃபர்ளு கிஃபாயாவாக எண்ணுகிறார்கள். ஒரு சமுதாயத்தில் அதைச் செய்ய ஒருவருமில்லை என்றால் அந்தச் சமுதாயம் முழுவதும் குற்றத்திற்கு ஆளாகும் என்பதே அதன் பொருள். எல்லோரும் ஃபிக்ஹு கற்க ஓடுகிறார்கள், எத்தனையோ ஊர்களில் முஸ்லிம் மருத்துவர் ஒருவரும் இல்லை என்று அந்தப் பேரறிஞர் தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே வருந்தினார்கள். நம் இமாம்களின் பெயர்களையே பாருங்கள். கஸ்ஸாஃப் என்றால் செருப்புத் தைப்பவர். கஃப்பால் என்றால் பூட்டுச் செய்பவர். ஜஸ்ஸாஸ் என்றால் சுண்ணச்சாந்து வேலை செய்பவர். இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூஃபா நகரின் துணி வணிகர். தொழில் அவர்களுக்கு இழிவாகப் படவில்லை. பெயரோடு சேர்த்து அணிந்துகொண்டார்கள்.

பள்ளிக்கூடம் மட்டும் ஏன் போதாது?

ஆசிரியப் பெருமக்கள் மீது குறை சுமத்துவது நம் நோக்கமன்று. பாடத்தை முடிப்பதும் தேர்வுக்கு ஆயத்தப்படுத்துவதுமே அவர்களின் காலம் முழுவதையும் விழுங்கிவிடுகிறது. மருந்துக்கடையில் இன்று என்ன கணினி மென்பொருள் பயன்படுகிறது, நெல் அரவை ஆலையில் எந்த இயந்திரம் வந்திருக்கிறது, மின்சார வாகனத்தைப் பழுதுபார்க்க என்ன கற்க வேண்டும் என்பனவெல்லாம் கடைவீதியில் இருப்பவர்களுக்கே தெரியும். கடைவீதியில் இருப்பவர்களுக்கோ பள்ளியில் என்ன கற்பிக்கப்படுகிறது என்பது தெரியாது. இரு பக்கமும் ஒரே ஊரில் இருந்தும் ஒன்றையொன்று அறியாமல் இருக்கின்றன.

அரசும் இத்துறையில் கருத்துச் செலுத்தியிருக்கிறது. தமிழ்நாட்டில் 2022 மார்ச் 1 அன்று 'நான் முதல்வன்' திட்டம் தொடங்கப்பட்டு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு உயர்கல்வி, தொழில் வழிகாட்டல் தரும் முயற்சி நடந்தது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, ஆறு முதல் எட்டாம் வகுப்பு மாணவர்கள் புத்தகப் பையின்றிப் பத்து நாட்கள் உள்ளூர்த் தச்சர், குயவர் போன்றோரிடம் பழக வேண்டும் என்கிறது. 2007-இல் தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி இடஒதுக்கீடு கிடைத்தது. இடம் கிடைத்தது, எந்த இடத்தைக் கேட்பது என்று அறியாத பிள்ளைக்கு அந்த 3.5 விழுக்காட்டால் என்ன பயன்? திட்டத்தைச் சென்னையில் தீட்டலாம். ஒரு பிள்ளையின் கையைப் பிடித்து ஒரு பட்டறைக்கு அழைத்துச் செல்வதை ஊரார்தாம் செய்ய முடியும்.

பிற நாடுகளில் இது நடந்திருக்கிறது. ஜெர்மனியில் தொழிற்பயிற்சிக்கென்று 1969-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், பயிற்சியாளர் வாரத்தின் சில நாட்கள் நிறுவனத்திலும் சில நாட்கள் பள்ளியிலும் கற்கிறார். அவரைத் தேர்வு செய்யும் குழுவில் முதலாளிகளும் தொழிலாளர்களும் சம எண்ணிக்கையில் இருப்பர். தொழிற்பள்ளி ஆசிரியரும் இருப்பார். அதே 1969-இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், படிப்பை இடையில் நிறுத்தும் பிள்ளைகளைக் காக்கும் பொருட்டு, உள்ளூர் மின் நிறுவனத்தின் துணையோடு ஒரு பள்ளியில் மின்தொழில் பிரிவு தொடங்கப்பட்டது. அம்முறை பின்னர் நாடெங்கும் பரவியது. உள்ளூர்த் தொழில் நடத்துவோர் அடங்கிய ஆலோசனைக் குழுக்கள் அதன் முதுகெலும்பாயின.

அதன் பலனை எம்.டி.ஆர்.சி. என்னும் ஆய்வு நிறுவனம் ஒன்பது பள்ளிகளில் நீண்டகாலம் தொடர்ந்து ஆராய்ந்தது. 2008-இல் வெளியான முடிவின்படி, பள்ளி முடித்த பின்னரான எட்டாண்டுகளில் அப்பிரிவில் பயின்றோர் சராசரியாக 11 விழுக்காடு கூடுதலாக ஈட்டினர். இளைஞர்களிடம் இப்பலன் மிகுதியாகத் தெரிந்தது. வாழ்க்கைத் துணையோடும் பிள்ளைகளோடும் தனிக்குடும்பமாக வாழ்வோரின் விகிதமும் உயர்ந்திருந்தது. தேர்வு மதிப்பெண்ணில் மட்டும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆக, இது மதிப்பெண்ணைக் கூட்டும் மருந்தன்று. குடும்பத்தைத் தாங்கும் ஆற்றலைக் கூட்டும் மருந்து. குடும்பங்களின் நலனைக் காக்கும் பொறுப்புள்ள ஜமாஅத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

நம் மதரஸாக்களிலும் இம்முறை அந்நியமன்று. ஹிஃப்ழு முடித்த மாணவர் தராவீஹ் தொழ வைக்கிறார். ஆலிம் பட்டம் பெறுமுன் வாராந்திர மன்றத்தில் பயான் செய்து பழகுகிறார். மருத்துவம் பயின்றவர் ஓராண்டு மருத்துவமனையில் பயிற்சி பெறாமல் மருத்துவராக முடியாது. கற்றதைச் செய்து பார்த்தால்தான் கல்வி முழுமை பெறும் என்பதை எல்லாரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். பள்ளி மாணவருக்கு மட்டும் அதை மறந்துவிட்டோம்.

குழு எவ்வாறு அமைய வேண்டும்?

நமதூர் மேல்நிலைப் பள்ளிகளுக்காகத் 'தொழில் வழிகாட்டல் ஆலோசனைக் குழு' ஒன்றை இவ்வாண்டே அமைக்க வேண்டும் என்பது நம் வேண்டுகோள். பதினைந்து பேர் போதும். தலைமையாசிரியர் ஒருவர், வழிகாட்டல் பொறுப்பாசிரியர் ஒருவர், தாய்மார் இருவர் உள்ளிட்ட பெற்றோர் மூவர், வெவ்வேறு தொழில் நடத்துவோர் ஐவர், முன்னாள் மாணவர் இருவர், சபுரிலிருந்து திரும்பிய தொழில் வல்லுநர் ஒருவர், ஐ.டி.ஐ. அல்லது அரசு மருத்துவமனை போன்ற அரசு நிறுவனத்தைச் சேர்ந்தவர் ஒருவர், ஜமாஅத்தின் பிரதிநிதி ஒருவர். மொத்தத்தில் பெண்கள் ஐவருக்குக் குறையக்கூடாது.

இதில் நாம் வலியுறுத்த விரும்புவன சில.

முதலாவது, குழுவின் தலைமை கல்வியாளரிடம் இருக்கட்டும். நன்கொடை அதிகம் தந்தவரிடம் வேண்டாம். கல்வியுரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளியில் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. அதில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். நம் குழு அதற்குப் போட்டியன்று. ஆலோசனை கூறுவதும் கதவுகளைத் திறந்துவிடுவதுமே அதன் வேலை. பள்ளி நிர்வாகத்தில் தலையிடுவது அதன் வேலையன்று.

இரண்டாவது, இக்குழு முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதாக இருக்கலாகாது. அப்பள்ளியில் எல்லாச் சமயப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். கடைவீதியிலும் எல்லோரும் இருக்கிறார்கள். பத்ரு கைதிகளுள் எழுத்தறிந்தோர், அன்ஸாரிகளின் பிள்ளைகளுக்கு எழுதக் கற்பித்து விடுதலை பெற்ற வரலாற்றை முஸ்னத் அஹ்மதில் காண்கிறோம். எதிரியாக வந்தவரிடமிருந்தே கல்வியைப் பெற்றுக்கொண்டார்கள் என்றால், நம்மோடு வாழும் அண்டை வீட்டாரிடம் தொழில் கற்பதில் தயக்கம் எதற்கு? பிற சமயப் பிள்ளைக்கு நம் சகோதரர் தம் கடையில் தொழில் கற்றுக்கொடுத்தால் அது அண்டை அயலார் உரிமையைப் பேணியதாகவும் ஆகும்.

மூன்றாவது, குழு ஆண்டுக்கு மூன்று முறையேனும் கூட வேண்டும்: ஜூலை, நவம்பர், ஏப்ரல். ஜூலையில் திட்டம், நவம்பரில் இடங்களின் பட்டியல், ஏப்ரலில் மாணவர்களை இடங்களுக்கு ஒதுக்குதல். கூட்டத்தில் முடிவானது எழுதி வைக்கப்பட்டு, அடுத்த கூட்டத்தில் முதலில் அதுவே வாசிக்கப்பட வேண்டும். குழு அமைத்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு கலைந்துபோவது நம் சமுதாயத்திற்குப் பழகிப்போன நோய். அல்லாஹ் நம்மை அதிலிருந்து காப்பானாக.

பயிற்சி நடக்கும் விதம்

ஒன்பதாம் வகுப்பில் தொழில்களைப் பற்றிய உரையாடல். மாதம் ஒரு தொழில் வல்லுநர் வகுப்பறைக்கு வந்து, தம் வேலை, வருமானம், சிரமம், அதற்கான படிப்பு ஆகியவற்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பத்தாம் வகுப்பு முடிந்ததும் உள்ள வழிகளையும் அப்போதே விளக்க வேண்டும். மூன்றாண்டு பாலிடெக்னிக் டிப்ளமா முடித்தவர் பொறியியல் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம் என்பதுகூட நம் வீடுகளில் பலருக்குத் தெரியவில்லை. பதினொன்றாம் வகுப்பு முடிந்த மே மாதத்தில் இரண்டு வாரப் பணியிடப் பயிற்சி. இன்டர்ன்ஷிப் என்று இப்போது வழங்குவது இதனைத்தான். வரும் ஆண்டுகளில் ரமளான் பிப்ரவரி, ஜனவரி மாதங்களை நோக்கி நகர்வதால் மே மாதப் பயிற்சிக்கு நோன்பால் சிரமமும் இராது.

பயிற்சிக்குரிய இடம் ஒவ்வொன்றையும் குழுவினர் இருவர் முன்னதாகச் சென்று பார்க்க வேண்டும். ஒரே பக்கத்தில் ஓர் ஒப்பந்தம் எழுத வேண்டும். நேரம், பொறுப்பாளர் பெயர், பிள்ளை கற்கவிருக்கும் வேலைகள், அங்குள்ள ஆபத்துகள், கூலி உண்டா இல்லையா என்பவை அதில் இருக்கட்டும். மாணவர் தினமும் ஒரு குறிப்பேடு எழுதட்டும். வாரம் ஒரு முறை ஆசிரியர் நேரில் சென்று பார்க்கட்டும். முடிவில் பெற்றோர் முன்னிலையில் மாணவர் எழுந்து நின்று, கற்றது என்ன, பிடித்தது என்ன, பிடிக்காதது என்ன என்று பேசட்டும். இந்த வேலை தனக்கு ஒத்துவராது என்று பதினாறு வயதில் இரண்டே வாரத்தில் அறிந்துகொள்வதும் பெரும் இலாபமே. இருபத்தாறு வயதில், கடன்பட்டுக் கடல் கடந்த பிறகு அறிந்துகொள்வதுதான் நஷ்டம். பயிற்சி கொடுத்தவர் மத்யன் நகரத்து அளவுகோலைக் கொண்டே மதிப்பிடட்டும்: திறன் எவ்வளவு, அமானிதம் எவ்வளவு?

மூன்று எச்சரிக்கைகள்

பயிற்சி என்ற பெயரில் பிள்ளைகளின் உழைப்பைச் சுரண்டும் வழியைத் திறந்துவிடலாகாது. 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பின், பதினான்கு வயது நிறையாதவரை எத்தொழிலிலும் கூலிக்கு அமர்த்தக்கூடாது. பதினான்கிலிருந்து பதினெட்டு வரையுள்ளோரை அபாயகரமான தொழில்களில் ஈடுபடுத்தக்கூடாது. எனவே வெடிமருந்து, தீப்பற்றும் பொருள், நச்சு இரசாயனம் உள்ள இடங்கள் நம் பட்டியலில் இருக்கவே கூடாது. இரண்டு வாரமும் தேநீர் வாங்கிவரவும் கடை பெருக்கவும் மட்டுமே பிள்ளையைப் பயன்படுத்தும் இடத்தை மறு ஆண்டு பட்டியலிலிருந்து நீக்கிவிட வேண்டும். கூலி விஷயத்தில் ஃபிக்ஹுச் சட்டம் தெளிவானது. இஜாரா ஒப்பந்தத்தில் கூலி முன்கூட்டியே அறியப்பட்டிருக்க வேண்டும். கற்பதற்கு மட்டும் என்றால், கூலி இல்லை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். வேலை வாங்குவதானால் தொகையைச் சொல்லி, வியர்வை உலருமுன் கொடுத்துவிடுங்கள். 'பார்த்துத் தருகிறோம்' என்னும் சொல் வேண்டாம்.

இரண்டாவது எச்சரிக்கை, பெண் பிள்ளைகளைப் பற்றியது. இப்பரிசளிப்பு விழாக்களில் பெரும்பாலான பரிசுகளைப் பெறுவோர் நம் பெண் மக்களே. ஆனால் பயிற்சி என்று வரும்போது அவர்களை வீட்டில் நிறுத்திவிட்டு ஆண் பிள்ளைகளை மட்டும் அனுப்பினால் அது நீதியாகாது. பெண்கள் பணிபுரியும் இடமாக, வீட்டிற்கு அருகில், இருவர் இருவராக, பகல் நேரத்தில், பெற்றோர் முன்னதாக நேரில் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகு அனுப்பலாம். மருத்துவப் பரிசோதனைக் கூடம், மருந்தகம், வங்கி, தொடக்கப் பள்ளி, தையலகம், கணக்கர் அலுவலகம் என இடங்கள் இருக்கின்றன. ஹிஜாபைப் பேணுவதும் கல்வியைத் தடுப்பதும் ஒன்றல்ல. பிரசவ அறையில் முஸ்லிம் பெண் மருத்துவர் வேண்டும் என்று நாம் கேட்கிறோம். அவர் எங்கிருந்து வருவார்? யாரோ ஒருவருடைய மகள்தானே கற்று வர வேண்டும்?

மூன்றாவது, செலவைப் பற்றியது. குழுவின் நிர்வாகச் செலவுக்கு ஜகாத் நிதியைத் தொடக்கூடாது. ஜகாத்துக்கு எட்டு வகையினரை அல்லாஹ்வே வரையறுத்துவிட்டான். ஏழை மாணவர் ஒருவருக்குப் பேருந்துக் கட்டணமும் உணவுச் செலவும் தேவையானால், அவர் ஜகாத் பெறத் தகுதியுடையவராக இருந்தால், அத்தொகையை அவர் கையிலேயே உரிமையாக்கிக் கொடுத்துவிடலாம். மற்றச் செலவுகளுக்கு ஸதகாவும் சந்தாவும் போதும். உண்மையில் இதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. கடைக்காரர்களின் நேரமும் பெரியவர்களின் பொறுமையுமே தேவை.

ஜமாஅத் ஏன் முன்வர வேண்டும்?

இது பள்ளிக்கூடத்தின் வேலைதானே என்று கேட்போருக்கு நம் பதில் இது. ஒவ்வொரு வீட்டையும் அறிந்த அமைப்பு ஜமாஅத். எந்தப் பிள்ளை படிப்பை நிறுத்திவிட்டது, எந்த வீட்டில் தந்தை இல்லை என்பது இப்பள்ளிவாசலின் முஹல்லாப் பதிவேட்டுக்குத் தெரியும். ஜும்ஆவன்று இவ்வூரின் முஸ்லிம் வணிகர் அனைவரும் ஒரே கூரையின் கீழ் கூடுகிறார்கள். தொழுகை முடிந்ததும் பூமியில் பரவிச் சென்று அல்லாஹ்வின் அருட்கொடையைத் தேடுமாறு ஜும்ஆ அத்தியாயமே நமக்குக் கட்டளையிடுகிறது. அப்படிப் பரவிச் செல்லும் வணிகர் ஒவ்வொருவரும், தம்மோடு ஒரு பிள்ளையை இரண்டு வாரம் அழைத்துச் சென்றால் போதுமே! ஹிஜ்ரத் செய்து மதீனா வந்த அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்கள், அன்ஸாரித் தோழர் பாதிச் செல்வத்தைத் தர முன்வந்தபோது, சந்தை எங்கே என்று காட்டுங்கள், போதும் என்றார்கள். நம் பிள்ளைகளும் நம் செல்வத்தில் பாதியைக் கேட்கவில்லை. சந்தைக்கு வழியைக் காட்டுமாறுதான் கேட்கிறார்கள்.

சபுரிலிருக்கும் சகோதரர்களுக்கும் இதில் பங்கிருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் எந்தச் சான்றுக்கு மதிப்பிருக்கிறது, எது வெறும் காகிதம் என்பதை நீங்கள் அறிவீர்கள். விடுமுறையில் வரும்போது ஒரு காலைப்பொழுதை நம் பிள்ளைகளுக்கு ஒதுக்குங்கள். வேலை வாங்கித் தருவதாக வாக்களிக்க வேண்டாம். உண்மையைச் சொல்லிச் செல்லுங்கள். அதுவே அவர்களுக்குப் பெரிய உதவி.

முதலாண்டில் பெரிதாக எண்ண வேண்டாம். பத்து இடங்கள், இருபது மாணவர்கள், அவர்களுள் பாதிப்பேர் பெண் மக்கள். இதை ஒழுங்காகச் செய்துகாட்டினால், மறு ஆண்டு கடைக்காரர்களே பெயர் கொடுக்க முன்வருவார்கள். அடுத்த ஆண்டறிக்கையில் ஜனாஸா, நிகாஹ், சந்தா வரவு ஆகிய கணக்குகளுக்குப் பக்கத்தில் 'பணியிடப் பயிற்சி பெற்ற மாணவர்கள்' என்று ஒரு வரி சேரட்டும். அவ்வரியில் எண் சிறியதாக இருந்தாலும் பாதகமில்லை; வரி இல்லாமல் போய்விடக் கூடாது.

நிர்வாகப் பெருமக்கள் அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இக்கோரிக்கையைப் பொருளாக எடுத்துக்கொண்டு, தலைமையாசிரியர் அவர்களையும் அழைத்து, முடிவெடுக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். இவ்விழா முடிந்ததும் வாசலில் ஒரு பதிவேடு வைக்கப்பட்டிருக்கும். தம் கடையில், அலுவலகத்தில், பட்டறையில் ஒரு பிள்ளைக்கு இடமளிக்க விரும்புவோர் தங்கள் பெயரை அதில் எழுதிச் செல்லுங்கள்.

யா அல்லாஹ்! எங்கள் மக்களுக்குப் பயன்தரும் கல்வியையும் ஹலாலான ரிஸ்கையும் அமானிதம் பேணும் நெஞ்சத்தையும் தந்தருள்வாயாக! அவர்களுக்குக் கற்றுக்கொடுக்க முன்வரும் கைகளில் பரக்கத்தைப் பொழிவாயாக! இந்த ஜமாஅத்தின் நிர்வாகிகளுக்கும் உறுப்பினர்களுக்கும் இப்பணியைத் தொடங்கி நிறைவேற்றும் தவ்ஃபீக்கை அருள்வாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாதுஹு.